ராகித் தாள் ஊறிய தண்ணீரில் சிவப்பு ஈஸ்ட்

உருளைக்கிழங்குச் சோதனையை வருஷா வருஷம் செய்து காட்டுகிறேன். தோல் சீவிய கிழங்கில் குழி எடுத்து, அதில் சர்க்கரைக் கரைசல் ஊற்றி, மட்டத்தைக் குண்டூசியால் குறித்து, தண்ணீர்த் தட்டில் உட்கார வைத்தால், கொஞ்ச நேரத்தில் கரைசல் குண்டூசிக்கு மேலே ஏறியிருக்கும். செறிவு கூடின பக்கத்துக்குச் சவ்வு வழியே தண்ணீர் நகர்கிற சவ்வூடு பரவல், பாடம் முடிந்தது. இந்த முறை ஒன்பதாம் வகுப்பில் அதை முடித்துவிட்டுப் பலகையைத் துடைக்கத் திரும்பியபோது கடைசி பெஞ்சுப் பையன் எழுந்தான்.

“சார், தண்ணி உள்ள போறது தெரியுது. தண்ணில இருக்கிற ஃபுளோரைடு எப்படி சார் உள்ள போவுது?”

பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் கிராமப் பள்ளி எங்களுடையது. தருமபுரி மாவட்டத்தில் இந்தக் கேள்வியை யாரும் பொழுதுபோகாமல் கேட்பதில்லை. பாறையிலிருந்து கரைந்து வரும் ஃபுளோரைடு இங்கே பல ஊர்களின் போர் தண்ணீரில் உண்டு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. பல் உருவாகிற வயதில் அதற்கு மேல் உள்ள தண்ணீரையே குடித்து வளர்ந்தவர்களுக்கு முன்பற்களில் பழுப்புக் கறை நின்றுவிடும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் வந்ததே இதற்காகத்தான். கேட்ட பையனுக்கும் அந்தக் கறை உண்டு. பேசும்போது மேலுதட்டை இழுத்து மூடிக்கொள்வான்.

அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். அது நான்கு வாரம் ஆகிவிட்டது. வாயால் பதில் சொல்வது சுலபம்தான். ஆனால் உருளைக்கிழங்கை மட்டும் பார்த்த பிள்ளை, செல் சவ்வு என்றால் மாவு சலிக்கிற சல்லடை, சின்னது போகும், பெரியது நிற்கும் என்று மனதில் பதித்துக்கொள்கிறது. அந்தப் படம் உடையாமல் ஃபுளோரைடுக்குப் பதில் சொல்ல முடியாது. ஈஸ்ட் அளவு பெரிய பொருளை ஒரு செல் விழுங்குவதைக் கண்ணால் பார்த்தால் சல்லடைப் படம் உடைந்துவிடும். அதற்குத் தேவை பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் நீருயிர், சாயம் ஏற்றிய ஈஸ்ட், வேலை செய்கிற ஒரு நுண்ணோக்கி. மூன்றுமே கையில் இல்லை.

நுண்ணோக்கி இருந்தது, வேலைதான் செய்யவில்லை. பீரோ மேல்தட்டில் பிளாஸ்டிக் உறைக்குள் எத்தனையோ மழைக்காலத்தைப் பார்த்துவிட்ட ஒன்று. மூன்று கோளாறு. குழல் தானாகக் கீழே இறங்கி ஸ்லைடில் முட்டுகிறது. லென்ஸில் பூஞ்சை. அடியில் இருக்கும் கண்ணாடியின் ரசம் உரிந்துவிட்டது.

முதலில் குழல். ஏற்றி இறக்கும் பல்சட்டத்தில் பழைய கிரீஸ் தார் மாதிரி இறுகிக் கிடந்தது. மண்ணெண்ணெய் தொட்ட பழைய டூத் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்த்து எடுத்து, துடைத்து, மெல்லிசாக வாஸ்லின் பூசினேன். இப்போது முன்னைவிட வேகமாக வழுக்கியது, ஏனென்றால் அந்த இறுகிய கிரீஸ்தான் அதைக் கொஞ்சமாவது பிடித்து வைத்திருந்தது. பல மாணவர் நுண்ணோக்கிகளில் இதற்குத் தனி ஸ்குரூ கிடையாது. இரண்டு பக்கமும் உள்ள பெரிய திருகுகளை இரண்டு கையாலும் பிடித்து எதிரெதிர்த் திசையில் முறுக்கினால் உள்ளே இறுக்கம் ஏறும். கால் சுற்று முறுக்கினேன், குழல் விட்ட இடத்தில் நின்றது. உங்கள் பள்ளியில் குழல் இறங்குகிறது என்று ஒதுக்கி வைத்த நுண்ணோக்கி இருந்தால் முதலில் இதைச் செய்து பாருங்கள்.

பூஞ்சை கண்ணருகு லென்ஸில் சிலந்தி வலை போலப் படர்ந்திருந்தது. லென்ஸ் தாளில் ஆல்கஹால் தொட்டு, நடுவிலிருந்து விளிம்புக்குச் சுற்றிச் சுற்றித் துடைத்தேன். வேட்டி முனை, கைக்குட்டை எதுவும் வேண்டாம், கீறிவிடும். விளிம்பில் ஒரு தழும்பு மிச்சம் இருக்கிறது, பார்வைக்கு இடைஞ்சல் இல்லை. 40 மடங்கு பொருளருகு லென்ஸை மட்டும் கழற்றவில்லை, வெளிப்புறம் துடைத்ததோடு சரி. அதைப் பிரித்தால் திரும்பச் சேர்க்க நம்மால் ஆகாது.

கண்ணாடிக்குப் பதிலாக ஒரு எல்.இ.டி. டார்ச்சை மேல்நோக்கி வைத்து, முகத்தில் பட்டர் பேப்பர் கட்டினேன். வெளிச்சம் பிரமாதம், ஆனால் ஸ்லைடில் எதுவும் தெரியவில்லை. அரை நாள் குழம்பினேன். பாரமீசியம் போன்ற உயிர்கள் கண்ணாடி போல ஒளி புகுபவை, வெளிச்சம் கூடினால் கரைந்தே போய்விடும். மேடைக்கு அடியிலுள்ள ஒளித்துளையை முக்கால்வாசி மூடினேன். பார்வை மங்கியது. அந்த மங்கலில்தான் உயிர்களுக்கு ஓரக்கோடு வந்தது.

அப்புறம் பாரமீசியம். ராகித் தாள், அதாவது கேழ்வரகு வைக்கோல், எங்கள் பக்கம் எல்லார் வீட்டு மாட்டுக் கொட்டகையிலும் உண்டு. ஒரு மாணவியின் பாட்டி, “இஸ்கோல்ல மாடு கட்டப் போறீங்களா?” என்று கேட்டுக்கொண்டே ஒரு கட்டு கொடுத்தார். நறுக்கிய தாளைப் பள்ளிக் குழாய்த் தண்ணீரில் ஊற வைத்தேன். நாலு நாளில் நாற்றம் வந்தது, உயிர் வரவில்லை. அந்தத் தண்ணீரில் குளோரின் போடுகிறார்கள், அதுதான் காரணமோ என்னவோ. அடுத்து ஆர்.ஓ. கேன் தண்ணீர். ஐந்தாம் நாள் ஸ்லைடு முழுக்க நெளிவு. மாணவர்களைக் கூப்பிட்டுக் காட்டியும்விட்டேன். மாலையில் 400 மடங்கில் நிதானமாகப் பார்த்தால் எல்லாம் சிறுநீரக வடிவத்தில் குட்டிக் குட்டியாக இருந்தன. அவை கொல்போடா. காய்ந்த தாளில் கூடு கட்டித் தூங்கிக் கிடந்து, ஈரம் பட்டதும் எழுந்துகொள்கிற இனம். பாரமீசியத்துக்கு அந்தத் தூக்கம் தெரியாது. காய்ந்தால் செத்துப்போகும். அது நீர்நிலையிலிருந்துதான் வர வேண்டும். மறுநாள் வகுப்பில், நேற்று காட்டியது பாரமீசியம் இல்லை என்று சொல்லி, இரண்டையும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் வரைந்தேன்.

மூன்றாவது முறை சரியாக வந்தது. தாளைக் கால் மணி நேரம் வேகவைத்து, ஆறியதும் துணி கட்டி இரண்டு நாள் வைத்தேன். மேலே பாக்டீரியா ஏடு படிந்தது. பிறகு ஊர் ஏரியின் ஓரத்தில், இலை அழுகிக் கிடக்கிற தண்ணீரை ஒரு டம்ளர் மொண்டு ஊற்றினேன். வெயில் நேராகப் படாத ஜன்னலோரம் வைத்து, பத்து நாள் கழித்து டார்ச் அடித்துப் பார்த்தால், மேல்மட்டத்துக்குக் கீழே வெள்ளைப் பொடி மிதந்தது. பொடி நகர்ந்துகொண்டிருந்தது. பாரமீசியம் கால் மில்லிமீட்டர் வரை வளரும், நல்ல கண்ணுக்கு வெறுமனே பார்த்தாலே புள்ளியாகத் தெரியும்.

ஈஸ்ட் தருமபுரியில் ஒரு பேக்கரியில் கிடைத்தது. சாயம் காங்கோ ரெட், சேலத்தில் ரசாயனக் கடையில் வாங்கியது. 3 கிராம் ஈஸ்ட், 10 மில்லி தண்ணீர், 30 மில்லிகிராம் சாயம் என்பது அளவு. எங்கள் தராசில் 30 மில்லிகிராம் என்பது காற்றடித்தால் வரும் எண். அதனால் 1 கிராம் சாயத்தை 100 மில்லி வெந்நீரில் கரைத்து, அதிலிருந்து 3 மில்லி எடுத்தேன், 30 மில்லிகிராம் சரியாக வந்துவிட்டது. மீதிக்கு 7 மில்லி தண்ணீர். இந்தச் சாயம் உடம்புக்கு நல்லதல்ல. கையுறை போட்டு, காற்று அடிக்காத இடத்தில், நானேதான் எடை போட்டேன். பிள்ளைகளிடம் பொடியைக் கொடுக்கவே கூடாது. அடுப்பில் நேராக வைத்துக் காய்ச்சியபோது நுரைத்துப் பொங்கி அடுப்பெல்லாம் சிவப்பானது. இரண்டாவது தடவை, கொதிக்கிற தண்ணீருக்குள் குவளையை நிறுத்திப் பத்து நிமிடம் வைத்தேன், பொங்கவில்லை.

காய்ச்சும் முன் ஒரு துளி எடுத்து வைத்திருந்தேன். அதையும் காய்ச்சியதையும் இரண்டு ஸ்லைடில் வைத்துப் பிள்ளைகளிடம் காட்டினேன். ஒரே சாயம், ஒரே ஈஸ்ட். காய்ச்சாததில் பின்புலம் முழுக்கச் சிவப்பு, செல்கள் பெரும்பாலும் உள்ளே வெளிறி, சிவப்புக் கடலில் கண்ணாடி மணி மாதிரி. காய்ச்சியதில் ஒவ்வொரு செல்லும் உள்வரை சிவந்திருந்தது. உயிருள்ள செல் சாயத்தை வாசலில் நிறுத்தியது, வெந்துபோன செல்லால் நிறுத்த முடியவில்லை. கேட்ட பையன் நோட்டில் எழுதிக்கொண்டான்: “சவ்வு செத்தா கதவு தொறந்துடும்.” இந்த வரியை அடித்துவிட்டுப் பாடப்புத்தக வரியை எழுதச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பாரமீசியத்தைக் காட்டிய நாள் ஒரு வியாழக்கிழமை. ஸ்லைடில் பஞ்சை இழை இழையாகப் பிய்த்து வேலி மாதிரி பரப்பினேன், இல்லாவிட்டால் அது ஒரு நொடிகூடப் பார்வையில் நிற்காது. மேலே வளர்ப்புத் தண்ணீர் ஒரு துளி. பல்குத்தும் குச்சி நுனியில் ஈஸ்ட் தொட்டு, துளியில் ஒரு தொடுதல். முதல் ஸ்லைடில் கொஞ்சம் தாராளமாகத் தொட்டுவிட்டேன், பார்த்த இடமெல்லாம் சிவப்பு. இரண்டாவதில் குச்சியைத் துடைத்துவிட்டு, ஒட்டியிருந்த மிச்சத்தை மட்டும் தொட்டேன், அதுவே போதுமானதாக இருந்தது.

9.40க்கு ஈஸ்ட் போட்டோம். ஒரு மாணவி கடிகாரத்தோடு பக்கத்தில் நின்றாள்.

இரண்டு பஞ்சிழை சந்திக்கிற மூலையில் ஒன்று மாட்டியிருந்தது. செருப்புத் தடம் போன்ற உடம்பு. பக்கவாட்டில் சரிவாக ஒரு பள்ளம். உடம்பு முழுக்க உள்ள குற்றிழைகள் என்ற நுண்மயிர்கள், காற்றில் நெற்பயிர் அலைவது போல வரிசையாகச் சாய்ந்து எழுந்தன. பள்ளத்தின் வாயில் மட்டும் அலை உள்நோக்கி ஓடியது. அந்த ஓட்டத்தில் சிவப்பு ஈஸ்ட் ஒவ்வொன்றாக உருண்டு பள்ளத்தின் அடிக்குப் போய்ச் சேர்ந்தது. அடியில் சவ்வு பை மாதிரி உப்பியது. பைக்குள் ஏழெட்டு ஈஸ்ட் சேர்ந்ததும் கழுத்து இறுகி, பை அறுந்து, சிவப்பு உருண்டையாக உடம்புக்குள் நழுவியது.

“சார், முடிச்சு போட்டுடுச்சு சார்!”

நேரம் 9.42. 9.50க்குள் ஆறு உருண்டைகள் உள்ளே வட்டமடித்துக்கொண்டிருந்தன. ஐம்பது வயதில் பாடப்புத்தகப் படமாகவே தெரிந்துவைத்திருந்த ஒன்றை நான் முதல் தடவையாக உயிரோடு பார்க்கிறேன். இடத்தைப் பிள்ளைகளுக்கு விட்டுக்கொடுக்கக் கொஞ்சம் நேரமானது.

9.55க்கு ஒரு பெண், முதல் உருண்டை நிறம் மாறுகிறது என்றாள். சிவப்பு ஊதாவாகி, நீலத்துக்குப் போனது. காங்கோ ரெட் சாதாரணமாகச் சிவப்பு, கடும் அமிலத்தில் நீலம். உணவுக்குமிழை உள்ளே இழுத்த கையோடு பாரமீசியம் அதற்குள் அமிலம் ஏற்றுகிறது, பிறகு செரிக்கிற நொதிகளை விடுகிறது. அமிலம் தணிந்ததும் பழைய உருண்டைகள் மறுபடி சிவந்தன. ஒரே உடம்புக்குள் சிவப்பும் நீலமும் சேர்ந்து சுற்றின. எந்த உருண்டை புதிது, எது பழையது என்று நிறத்தை வைத்துப் பிள்ளைகளே பிரித்துச் சொன்னார்கள்.

விழுங்குகிற இந்த வழியை பாகோசைட்டாசிஸ் என்பார்கள். இதை உடம்பின் காவலோடு முதலில் இணைத்தவர் ரஷ்ய விலங்கியலாளர் மெட்ச்னிகாஃப். 1882இல் இத்தாலியின் மெசினாவில் நட்சத்திர மீன் இளவுயிரியின் உடம்பில் முள் குத்தி வைத்தார், மறுநாள் பார்த்தால் அலையும் செல்கள் முள்ளைச் சூழ்ந்திருந்தன. நம் வெள்ளையணுக்கள் கிருமியை விழுங்குவதும் இதே வேலைதான். 1908இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இடத்தில் வகுப்பை நிறுத்தி ஒன்று கேட்டேன். ஈஸ்ட் இப்போது செல்லுக்குள் வந்துவிட்டதா? எல்லாரும் வந்துவிட்டது என்றார்கள். கேட்ட பையன் மட்டும் பதில் சொல்லவில்லை. வரவில்லை என்றேன் நான். அது உட்கார்ந்திருக்கும் பையின் சுவர், வெளியிலிருந்த அதே சவ்வு மடங்கி வந்ததுதான். திண்ணையில் உட்கார்ந்தவர் வீட்டுக்குள் வந்தவர் ஆகமாட்டார். ஈஸ்ட் செரித்துச் சர்க்கரையாக, அமினோ அமிலமாக உடைந்து, குமிழின் சவ்வைத் தாண்டி, செல்லை நிறைத்திருக்கும் கூழான சைட்டோபிளாசத்தில் கலந்தால்தான் உள்ளே வந்ததாகக் கணக்கு. நம் குடலும் அப்படித்தான். வாயில் போட்ட களி குடலில் இருக்கும்வரை திண்ணையில்தான் இருக்கிறது.

அந்த நிலைப்படியைத் தாண்டுவதில்தான் அவன் கேள்விக்கு விடை இருக்கிறது. செல் சவ்வு கொழுப்பு மூலக்கூறுகள் இரண்டு வரிசையாக நின்று உண்டான படலம், நடு நடுவே புரதங்கள் மிதக்கின்றன. சிங்கர், நிக்கல்சன் என்ற இரண்டு விஞ்ஞானிகள் 1972இல் தந்த படம் இது. ஒரு மில்லிமீட்டரை லட்சம் பங்கு போட்டால் வரும் ஒரு பங்கைவிடவும் மெலிசு. ஆனாலும் மின்னூட்டம் உள்ள அயனியை அந்தக் கொழுப்பு எளிதில் விடாது, அது எவ்வளவு சின்னதாக இருந்தாலும் சரி. சல்லடை அளவைத்தான் பார்க்கும், சவ்வு ஆளைப் பார்க்கிறது. தண்ணீருக்குக்கூடப் பல செல்களில் தனி வாசல் உண்டு. அக்வாபோரின் என்ற அந்தப் புரதத்தைக் கண்டுபிடித்த பீட்டர் ஆக்ரேவுக்கு 2003இல் வேதியியல் நோபல் பரிசு கொடுத்தார்கள். குளுக்கோஸ் நம் குடலில் சோடியத்தோடு கைகோத்து ஒரு புரதம் வழியாக உள்ளே போகிறது, தண்ணீர் அதன் பின்னாலேயே வருகிறது. வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் உப்பும் சர்க்கரையும் சேர்ந்தே இருப்பது இதனால்தான்.

ஃபுளோரைடு என்ன செய்கிறது? தண்ணீரில் அது எதிர் மின்னூட்டம் உள்ள அயனி. அப்படியே வந்தால் கொழுப்புப் படலம் விடாது. ஆனால் இரைப்பையில் அமிலம் இருக்கிறதே. அந்த அமிலத்தில் ஒரு ஹைட்ரஜன் அயனி ஃபுளோரைடோடு ஒட்டிக்கொள்ள, மின்னூட்டம் இல்லாத ஹைட்ரஜன் ஃபுளோரைடு ஆகிறது. அது சவ்வைச் சுலபமாகத் தாண்டிவிடும். அந்தப் பக்கம் அமிலம் இல்லாததால் ஹைட்ரஜன் கழன்று, மறுபடி பழைய ஃபுளோரைடு. இப்படி இரைப்பையிலேயே உள்ளே போகத் தொடங்கி, சிறுகுடலிலும் தொடர்கிறது. அங்கிருந்து ரத்தம், எலும்பு, வளர்கிற பல்.

“அந்த நீலம் ஆச்சே, அதே அமிலமா சார்?” என்றான். அமிலம் என்ற வகையில் அதேதான் என்றேன். உருண்டையை நீலமாக்கியது போன்ற அமிலம்தான் நம் வயிற்றில் ஃபுளோரைடுக்கு வேஷம் மாற்றிவிடுகிறது. அவன் நீல உருண்டையை மறுபடி பார்க்க வேண்டும் என்று வரிசையில் போய் நின்றான்.

வீட்டில் தண்ணீரைக் காய்ச்சினால் போகுமா என்று இன்னொருத்தி கேட்டாள். போகாது, தண்ணீர் ஆவியாகி ஃபுளோரைடு இன்னும் செறிவாகத்தான் ஆகும். ஆர்.ஓ. பெருமளவு நிறுத்தும், அதுவும் ஒரு சவ்வுதான், அழுத்தம் கொடுத்துத் தண்ணீரை மட்டும் தள்ளுகிற செயற்கைச் சவ்வு.

திட்டத்தில் இல்லாத ஒன்றும் கிடைத்தது. பாரமீசியத்தின் இரண்டு முனைக்கும் பக்கத்தில் நட்சத்திரம் போல ஒரு குமிழ் விரிந்து, சட்டென்று சுருங்கி மறைந்தது, திரும்ப விரிந்தது. சுருங்கும் குமிழ். ஏரித் தண்ணீரைவிடச் செல்லுக்குள் உப்பும் மற்றதும் அதிகம், அதனால் தண்ணீர் ஓயாமல் உள்ளே வருகிறது, அதை இந்தக் குமிழ் இறைத்து வெளியே விடுகிறது. உருளைக்கிழங்கில் மட்டம் ஏறியதும் இதே காரணத்தால்தான். கடிகார மாணவி எண்ணினாள், 11 விநாடிக்கு ஒரு சுருக்கம். துளியை மூடிய கண்ணாடி வில்லையின் ஓரத்தில் அரை சதவீத உப்புத் தண்ணீர் ஒரு துளி விட்டு, எதிர் ஓரத்தில் வடிதாள் வைத்து இழுத்தோம். அதே பாரமீசியம், 26 விநாடி. வெளியே உப்பு கூடியதும் உள்ளே வரும் தண்ணீர் குறைந்தது, இறைக்கிற வேலையும் குறைந்தது. இதைச் செய்ய ஈஸ்ட்டும் வேண்டாம், சாயமும் வேண்டாம். நேரமில்லாத ஆசிரியர்கள் இதை மட்டுமாவது செய்து காட்டலாம்.

முன்பு வினிகரில் ஓடு கரைத்த முட்டையைக் காட்டி ‘இதுதான் செல் சவ்வு’ என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அது தவறு. ஓட்டுக்கு அடியில் இருப்பது புரத இழைகளால் நெய்த உறை, செல்லின் சவ்வு அல்ல. தண்ணீர் போய்வருவதைக் காட்ட அது உதவும், பெயரை மட்டும் சரியாகச் சொல்ல வேண்டும். இந்த வருஷம் சரியாகச் சொன்னேன்.

வளர்ப்பு இன்னும் ஜன்னலோரம் உயிரோடு இருக்கிறது. மூன்று வாரத்துக்கு ஒருமுறை புது ராகித் தாள் வேகவைத்த தண்ணீரில் கால் பங்கு பழையதை ஊற்றி மாற்றுகிறேன், நடுவில் வெந்த அரிசி இரண்டு போட்டால் போதும். மீந்த சாய ஈஸ்ட்டை வாய்க்காலில் கொட்டவில்லை, மூடிபோட்ட பாட்டிலில் பெயர் எழுதி ஒட்டித் தனியே வைத்திருக்கிறேன். சனிக்கிழமை அந்தப் பையன் வீட்டு போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் கொண்டுவந்தான், அதில் பாரமீசியம் உயிரோடு இருக்குமா, குமிழ் எத்தனை விநாடிக்கு ஒருமுறை சுருங்கும் என்று பார்க்க வேண்டுமாம். அந்தத் தண்ணீருக்குப் பழகட்டும் என்று இரண்டு நாளாகச் சொட்டுச் சொட்டாக வளர்ப்பில் சேர்த்து வருகிறோம். இப்போதைக்கு எண்ணிக்கை 12, 11, 12.